கைப்பதம் மூழ்காது!

முதல் வளையல் உடைந்துபோனதா தங்கச்சி? போகட்டும். தாச்சியில் எண்ணெய் இருக்கிறது, சட்டியில் மா இருக்கிறது, அடுப்பில் தணல் இருக்கிறது. கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டாவதைப் பிழி!

சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் என் வீட்டு அடுப்படியில் நான் போட்ட சத்தம் இது. கேட்டவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. உயர்தரம் எழுதி மூன்று வருஷம் ஆகிறது. விண்ணப்பம் எழுதியே விரல் தேய்ந்தவள். அன்றைக்கு என்னோடு தேன்குழல் சுட வந்தாள். முதல் நான்கு வளையலும் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து, நூலும் துண்டுமாக மிதந்தன. மா பிழிகிற துணியைக் கீழே வைத்துவிட்டாள். “எனக்கு எதுவுமே வராது மாமி. நான் ராசியில்லாதவள்.”

நான்கு வளையல் உடைந்ததற்கு ஒரு முழு வாழ்க்கையின் மேல் தீர்ப்பு! எந்த நீதிமன்றத்தில் இவ்வளவு சீக்கிரம் வழக்கு முடியும்? குற்றவாளியும் நீ, நீதவானும் நீ, சாட்சிக் கூண்டில் நான்கு துண்டுப் பலகாரம்!

அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். ராசி இல்லை என்று புலம்புகிறாயே, உனக்கு இல்லாதது பதம். ராசியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, எந்த வாத்தியாரும் கற்றுத்தர முடியாது. பதம் அப்படியில்லை. உன் வீட்டு அடுப்பிலேயே, இன்றைக்கே, உன் கையில் ஏறத் தொடங்கும். ஏறிவிட்டால் பிறகு இறங்காது.

இருந்ததை எடுத்தார்கள்

மாத்தளைக்காரருக்குத் தேன்குழலை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் தேன்குழல் கேட்டால் முறுக்குத்தான் தட்டில் வரும். பெயரில் தேன், வாயில் உப்பு. இலங்கையில் அந்தப் பெயருக்கு ஏமாற்று இல்லை. உளுந்து மாவைத் தேங்காய்ப்பாலில் குழைத்து, வளையலாகப் பிழிந்து பொரித்து, பாணியில் ஊறவைப்போம். கடித்தால் குழலுக்குள்ளிருந்து பாணி வழிந்து முழங்கை வரை ஓடும். சிங்களத்தில் உந்து வலலு என்பார்கள், பாணி வலலு என்றும் சொல்வார்கள். உளுந்து, உந்து, வளையல், வலலு. சொல்லிப் பார், இரண்டு மொழியும் ஒரே அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்து கதைப்பது போல இருக்கும். இந்தப் பலகாரத்துக்குப் பேர்போன ஊர் எங்கள் மாத்தளை.

இதற்கு உறவுக்காரர் அதிகம். சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் போனால் கருப்பட்டி மிட்டாய். அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவைத் துளைபோட்ட துணியில் பிழிந்து பொரித்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட பாகில் முக்கியெடுப்பார்கள். ஜாங்கிரியும் உளுந்துதான். வடக்கே ஜிலேபி. இன்னும் மேற்கே போனால் ஸுலாபியா. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல் வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே அது வந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனி. பாக்தாத்காரனுக்குத் தேன் கிடைத்தது, தேனை ஊற்றினான். சாத்தூர்க்காரனுக்குப் பனை இருந்தது, கருப்பட்டியைக் காய்ச்சினான். எங்கள் மலையில் கித்துள் மரம் நின்றது, கித்துள் பாணி வந்தது. “அந்த ஊர்ச் சாமான் இங்கே இல்லையே, நான் எப்படிப் பலகாரம் சுடுவது?” என்று ஒருவனும் திண்ணையில் உட்காரவில்லை. நீ எதற்காக உட்கார்ந்திருக்கிறாய்? கொழும்பில் பிறக்கவில்லை என்றா? இங்கிலீஷ் வரவில்லை என்றா? கைக்கு எட்டும் தூரத்தில் என்ன நிற்கிறது என்று முதலில் பார்!

பல்லேகமவில் பார்த்தது

என் வீட்டுக்குப் பாணி வருவது பல்லேகமப் பக்கத்திலிருந்து. மாத்தளையில் பஸ் ஏறி, ரத்தோட்டையைத் தாண்டி, ரிவஸ்டன் குளிரில் பல் கிடுகிடுத்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியைப் பார்த்தபடி இலுக்கும்புரையில் இறங்கி, இன்னும் கீழே போனால் பல்லேகம. நக்கிள்ஸ் மலையின் மறுபக்கத்து அடிவாரம். அந்த மலைக்காட்டை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே வாழ்கிற ஆட்களுக்கோ அது எப்போதும் அன்றாடச் சீவியத்தின் காடு.

கித்துள் மரம் ஏறுவது விளையாட்டில்லை. உச்சிக்குப் போய், பூம்பாளையைச் சீவி, முட்டியைக் கட்ட வேண்டும். வடிகிற இனிப்பு நீருக்குத் ‘தெலிஜ்ஜ’ என்று பெயர். காலையும் மாலையும் ஏறி இறக்க வேண்டும். சுணங்கினால் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதைத் தாச்சியில் ஊற்றி விறகில் காய்ச்சக் காய்ச்ச, பல போத்தல் சுண்டி ஒரு போத்தல் பாணி ஆகும். மழை என்றும் பனி என்றும் மரம் லீவு கொடுக்காது. இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு கரண்டி பாணியைச் சிந்த எனக்கு மனம் வருவதில்லை.

அந்தப் பக்கத்தில் இப்போது ஒரு பெரிய நீர்ப்பரப்பு இருக்கிறது. மொரகஹகந்த – களு கங்கைத் திட்டத்தில் களு கங்கைக்கு அணை கட்டினார்கள். 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். வயலும் வீடும் தோட்டமும் பழைய கடைத்தெருவும் நீருக்குள் போயின. மேட்டில் லக்கல புதுநகரம் எழும்பியது. போன தடவை பாணி வாங்கப் போனபோது, அப்படி இடம் மாறி வந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டில்தான் தேத்தண்ணி குடித்தேன். பலகாரம் சுட்டு விற்கிறவர். நீரைக் கை காட்டி, “எங்கள் வீடு அந்தா, அந்தப் பட்ட மரத்துக்கு நேரே கீழே” என்றார். குரலில் அழுகை இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

“எல்லாம் போன பிறகு எப்படித் தொடங்கினீங்க?” என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே சொன்னார்: “வீட்டைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது மகள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கை கூடவே வந்தது.”

அதோடு நிறுத்தவில்லை. புது வீட்டில் முதல் ஈடு சரியாக வரவில்லையாம். அடுப்பு வேறு, விறகு வேறு, காற்று அடிக்கிற திசையும் வேறு. இரண்டாம் நாளும் சரியில்லை. மூன்றாம் நாள்தான் பழையபடி வந்ததாம். நாற்பது வருஷம் சுட்ட கைக்கே புது அடுப்போடு பழக மூன்று நாள்! நீ நான்கு வளையலில் கை கழுவப் பார்க்கிறாயே!

நீருக்குள் போனதெல்லாம் பரவாயில்லை என்று சொல்ல நான் வரவில்லை. நிலத்தை இழந்தவர் நியாயம் கேட்கத்தான் வேண்டும், கடைசிச் சதம் வரை கேட்க வேண்டும். ஆனால் நியாயம் வந்து சேரும் வரை அடுப்பு காத்திருக்காது. அந்த அம்மா இரண்டையும் செய்தார். மனுவும் கொடுத்தார், மாவும் கரைத்தார்.

நம் வீட்டுக் கதையும் இதுதான்

மலையகத்துப் பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா? இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்கள் எப்படி வந்தார்கள்? தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே, காய்ச்சலோடும் பசியோடும் இதே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. அந்த நடையை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள் நம்மவர்கள். நீயும் ஏதாவதொரு சந்தியில் நின்று பார்த்திருப்பாய்.

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான நம் ஆட்களை நாடற்றவராக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கும் கதவைத் திறந்த சட்டம் வந்தது 2003இல். இடையில் ஐம்பத்தைந்து வருஷம்! அத்தனை காலமும் உன் அப்பாயியிடம் என்ன இருந்தது? கடதாசி இருந்ததா? காணி இருந்ததா? பத்தடிக் காம்பரா ஒன்று, அதற்குள் ஒரு அடுப்பு, பிறகு அந்தக் கை. கொழுந்து கிள்ளிக் கறுத்த அதே கைதான் தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தது, மாரியம்மன் திருவிழாவுக்கு மாவிளக்கு இடித்தது. சட்டத்தால் பெயரை வெட்ட முடிந்தது. பதத்தை வெட்ட ஒரு பிரிவும் இல்லை!

2022 ஞாபகம் இருக்கிறதா? காஸ் சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றோமே! அந்த நாளில் யார் வீட்டில் நேரத்துக்குச் சோறு வெந்தது? மூன்று கல்லை வைத்து, ஈர விறகிலும் தீ மூட்டத் தெரிந்தவள் வீட்டில். அவளை அதுவரை யாரும் படித்தவள் என்று சொன்னதில்லை.

தன்னம்பிக்கை என்று மேடையில் முழங்குகிறார்களே, அது என்ன சாமான் தெரியுமா? கண்ணாடி முன்னால் நின்று “என்னால் முடியும்” என்று நூறு தடவை சொல்வதால் வருவதல்ல அது. நூறு தடவை சொன்னாலும் உள்ளே இருக்கிற ஒருத்தி “பொய்” என்று முணுமுணுப்பாள். அவள் வாயை அடைக்க ஒரே வழி, ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்து அவள் முன்னால் தட்டில் வைப்பது!

இனி அடுப்பை மூட்டு

சரி, பேச்சு போதும். வேலைக்கு வருவோம்.

உளுந்து மா இரண்டு கோப்பை, பச்சையரிசி மா ஒரு கோப்பை, ஒரு சிட்டிகை உப்பு, கெட்டித் தேங்காய்ப்பால். இது எங்கள் வீட்டுக் கணக்கு. பாலை ஒரே தடவையில் கவிழ்க்காதே. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையால் அடித்துக் கலக்கு. மா உன் கைக்குள் இலேசாவது உனக்கே தெரியும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடு, மிதந்தால் போதும். மூடி ஒரு மணி நேரம் வை.

கெட்டியான வெள்ளைத் துணியின் நடுவில் ஒரு சிறு துளை. அதன் ஓரத்தைப் பொத்தான் கண் தைப்பது போலத் தைத்துவிடு. இல்லாவிட்டால் துளை பெருத்துக்கொண்டே போகும். மாவைத் துணியில் அள்ளி முடிந்துகொள். எண்ணெய் புகையக் கூடாது, ஆறியும் இருக்கக் கூடாது. ஒரு சொட்டு மா போட்டால் அடிக்குப் போய் ஒரு நொடி யோசித்துவிட்டு மேலே வர வேண்டும். இப்போது பிழி. முதலில் ஒரு சுற்று. கையை எடுக்காமல் அதன் மேலேயே இரண்டாம் சுற்று. இந்த இரண்டாம் சுற்றுதான் முதலாவதைப் பிடித்து வைத்திருக்கும். பொன்னிறம் ஏறியதும் ஈர்க்கில் கோத்துத் தூக்கி, எண்ணெய் வடித்து, சூடு போவதற்கு முன்னாலேயே பாணியில் இறக்கு. பாணி இளஞ்சூடாக இருக்கட்டும். கொதித்தால் வளையல் துவண்டுபோகும், குளிர்ந்து கட்டிப்பட்டால் உள்ளே ஏறாது. கித்துள் கிடைக்காத ஊரில் சீனிப் பாகு போதும். ஒரு கம்பிப் பதம், வெப்பமானி வைத்திருந்தால் சுமார் 105 பாகை.

பாணி எப்படி உள்ளே போகிறது என்று யோசித்திருக்கிறாயா? மாவுக்குள் இருக்கிற நீர், காய்ந்த எண்ணெயில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அந்த ஆவி முட்டித் தள்ளி, உள்ளே குழல் குழலாக அறை உண்டாக்குகிறது. வெளியே எடுத்துப் பாணியில் போட்டதும் மிச்ச ஆவி அடங்கி நீராகிறது. உள்ளே அமுக்கம் குறைகிறது. சுற்றியிருக்கிற பாணியை வளையல் இழுத்துக் குடிக்கிறது. யாரும் ஊசி போட்டு ஏற்றவில்லை. எண்ணெய்ச் சூட்டில் உண்டான வெற்றிடம்தான் இனிப்பைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்கிறது. பொரியாத மாவைப் பாணியில் போட்டுப் பார், கூழாகும்!

இப்போது அந்தப் பிள்ளையின் நான்கு வளையலுக்கு வருவோம். ஏன் உடைந்தன? அவளை உட்காரவைத்து மாவைக் கரண்டியில் அள்ளி ஊற்றச் சொன்னேன். நாடா போல விழ வேண்டிய மா தண்ணீர் போல ஓடியது. அவசரத்தில் பாலை ஒரே தடவையில் ஊற்றியிருக்கிறாள். அவ்வளவுதான்! ஜாதகம், கிரகம், ராசி ஒன்றும் அங்கே இல்லை. ஒரு கரண்டி பால் கூடிப்போயிருந்தது. இரண்டு கரண்டி உளுந்து மாவைச் சேர்த்து அடித்தோம்.

இதை நெஞ்சில் எழுதி வை. ஒன்று கெட்டுப்போனால் “நான் யார்?” என்று கேட்காதே, “எங்கே பிழைத்தது?” என்று கேள். முதல் கேள்விக்குக் கண்ணீர்தான் பதில். இரண்டாவது கேள்விக்கு இரண்டு கரண்டி மா பதில். நேர்முகத் தேர்வில் விழுந்தாயா? எந்தக் கேள்வியில் வாயடைத்தது? கடை படுத்துவிட்டதா? எந்தக் கணக்கில் ஓட்டை? பெயரில்லாத பயம் மலை போல நிற்கும். காரணத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அது கரண்டியால் அளக்கிற சாமான்!

ஒன்றைப் பிடி, விடாதே

தில்லி சாந்தினி சவுக்கில் தரீபா கலான் தெரு முனையில் ஒரு ஜிலேபிக் கடை இருக்கிறது. நேம் சந்த் ஜெயின் என்பவர் 1884இல் தொடங்கியது. மாளிகை இல்லை, தெரு முனைக் கடைதான். நூற்று நாற்பது வருஷமாகச் சட்டியில் முக்கிய சரக்கு ஜிலேபி. அரசுகள் மாறின, கொடி மாறியது, நாணயம் மாறியது. ஆட்கள் இன்றைக்கும் அந்த முனையில் போய் நிற்கிறார்கள்.

நீயோ திங்கட்கிழமை தையல், புதன்கிழமை அழகுக்கலை, வெள்ளிக்கிழமை கேக். சனிக்கிழமை “எனக்கு ஒன்றும் சரிவரவில்லை.” எப்படி வரும்? ஒன்றைப் பிடி. ஐம்பது தடவை செய். பத்தாவது தடவையில் கை நடுக்கம் நிற்கும். இருபதாவதில் எண்ணெயின் சத்தத்தைக் கேட்டே சூடு சொல்வாய். ஐம்பதாவதில் ஊரில் யாருக்காவது விசேஷம் வந்தால் உன் பெயரைச் சொல்வார்கள்.

விற்கத் துணிந்தால் இன்னொன்று. உளுந்து, பாணி, எண்ணெய், விறகு, உன் கூலி, இந்த ஐந்தையும் எழுதிக் கூட்டித்தான் விலை வைக்க வேண்டும். நம் பெண்கள் நான்கை எழுதுவார்கள். ஐந்தாவதை எழுத வெட்கப்படுவார்கள். “வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்” என்பார்கள். சும்மா இருந்தாயா? நாலு மணிக்கு எழும்பித் தேங்காய் துருவியது யார்? உன் கைக்கு நீயே விலை வைக்காவிட்டால், சந்தை அதற்குப் பூச்சியம்தான் போடும். உன் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய் விதிமுறையைக் கேள், அடுப்படியைத் துடைத்து வை, தலை நிமிர்ந்து விலை சொல்!

எழுதி வை

கைப்பதத்தை வெள்ளம் கொண்டுபோகாது, சட்டம் பறிக்காது. ஆனால் அதையும் அழிக்க ஒன்றால் முடியும். யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் செத்துப்போவது!

மாத்தளை டவுனுக்குப் பக்கத்தில் அலுவிகாரை இருக்கிறதே, பாறைக் குகை விகாரை, பஸ்ஸில் போகும்போது எத்தனை தடவை கடந்திருப்பாய். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோது, அதுவரை வாய்மொழியாகவே வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் அங்கே இருந்துதான் ஓலையில் எழுதினார்கள். மனப்பாடம் செய்தவர் பட்டினியில் செத்தால் பாடமும் செத்துவிடும் என்ற பயம். அதே மண்ணில் பிறந்தவள் நீ. உன் அம்மாயியின் அளவை இன்றைக்கே போய்க் கேள். “கண் மட்டத்துக்குப் போடு” என்றுதான் சொல்வாள். அவள் போடும்போது நீ கோப்பையால் அளந்து கொப்பியில் எழுது. ஒரு பிள்ளைக்கு நீயே கற்றுக்கொடு. கற்றுக்கொடுக்கிற அன்றைக்குத்தான் உனக்கு எவ்வளவு தெரியும் என்பது உனக்கே தெரியவரும்.

அன்றைக்கு என் அடுப்படியில் என்ன நடந்தது என்று கேட்கிறாயா? ஐந்தாவது சாய்ந்தது. ஆறாவது வால் முளைத்தது. ஏழாவதும் எட்டாவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒன்பதாவது வளையலில் இரண்டாம் சுற்று முதல் சுற்றின் மேல் நேராக உட்கார்ந்தது. பிரியவில்லை. அவள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஈர்க்கை எடுத்து அவளே தூக்கினாள், அவளே பாணியில் இறக்கினாள்.

“அந்த உடைஞ்ச துண்டெல்லாம் என்ன செய்ய மாமி? கொட்டவா?”

“கொட்டுவதா? அதையும் பாணியில் போடு” என்றேன். உடைந்த குழலுக்கு வாய் கூட. பாணியைக் கூடுதலாகக் குடிக்கும். இரவு அந்தத் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு இரண்டு பேரும் விரலை நக்கிக்கொண்டு தின்றோம்.

உன் துண்டுகளையும் கொட்டாதே. விழுந்த பரீட்சை, படுத்த கடை, திரும்பி வந்த விண்ணப்பம், எல்லாவற்றையும் எடுத்து வை. எங்கே பால் கூடியது என்று அவைதான் சொல்லும். துணியை முடிந்துகொள். எண்ணெய் காய்ந்துவிட்டது.

பிழி!